ஊதக்காத்து நுழையும் வழி

அம்மாவை அம்பாசமுத்திரத்திலிருந்து தில்லிக்கு அழைத்து வந்தது 2022 ஐப்பசியில். அப்பா போன பிறகு அவளைத் தனியாக விட மனசு கேட்கவில்லை. மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. தலைக்கு மேல் மொட்டை மாடிதான். வெயில் காலத்தில் அடுப்பு, குளிர் காலத்தில் ஐஸ் பெட்டி. தில்லியில் இருபத்தாறு வருஷம் குடித்தனம் செய்துவிட்டதால் எனக்கு அது பழகிப் போயிருந்தது. அம்மாவுக்கு அப்படி இல்லை.

2023 ஜனவரி 16ஆம் தேதி தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.4 டிகிரி பதிவானது. அன்று காலை அம்மா இரண்டு ஸ்வெட்டர், சால்வை, காலில் இரண்டு ஜோடி சாக்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு ரஜாய்க்குள், அதாவது பஞ்சுப் போர்வைக்குள், உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஹீட்டர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. முகத்தில் சூடு அடிக்கிறது, முதுகு ஜில்லிட்டுக் கிடக்கிறது என்றாள். பிறகு கேட்டாள்: “வீட்டுக்குள்ளேயே ஊதக்காத்து அடிக்கி. எங்க இருந்து வருதுன்னு பாத்தியாளா?”

நான் பார்க்கவில்லை. ஆபீஸிலிருந்து வரும் வழியில் இன்னொரு ஹீட்டர் வாங்கி வந்தேன்.

அந்த மாத மின்கட்டணம் சுமார் 3,200 ரூபாய். 462 யூனிட். தில்லியில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்: மானியத்துக்கு விண்ணப்பித்தவர்களுக்கு மாதம் 200 யூனிட் வரை கட்டணம் இல்லை, 201 முதல் 400 வரை பாதி மானியம், அதிகபட்சம் 800 ரூபாய், 400ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் மானியம் மொத்தமும் போச்சு. 800 வாட் ராட் ஹீட்டரை ஒரு நாளைக்கு 5 மணி நேரம் போட்டால் 4 யூனிட், மாதத்துக்கு 120. நாங்கள் அந்த மாதிரி இரண்டு போட்டோம். வீடும் சூடாகவில்லை.

அந்தக் கோடையில் என் சித்தி மகள் பேசும்போதுதான் விஷயம் பிடிபட்டது. அவள் அமெரிக்காவில் மெயின் மாநிலத்தில் இருக்கிறாள். அங்கே பெரும்பாலான வீடுகளில் எண்ணெய் எரித்துத்தான் சூடாக்குகிறார்கள். குளிர்காலச் செலவு குடும்பத்தை உலுக்கிவிடும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1976இல், வருமானம் குறைந்தவர்களின் வீடுகளில் காற்று நுழையும் இடுக்குகளை அடைத்துக் கொடுப்பதற்கென்றே அந்த நாட்டு அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதெல்லாம் ஒரு பக்கம். என்னைப் பிடித்தது அவள் சொன்ன இன்னொன்று. அவள் ஊர்ப் பக்கம் விண்டோ டிரெஸ்ஸர்ஸ் என்று ஒரு தொண்டு அமைப்பு. ஊர்க்காரர்கள் ஓரிடத்தில் கூடி, பைன் மரச் சட்டத்துக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி, ஓரத்தில் ஃபோம் ஒட்டி, ஜன்னலுக்கு உட்பக்கமாக அப்படியே அழுத்திப் பொருத்துகிற மாதிரிச் செய்கிறார்கள். உனக்கு வேண்டியதை நீயும் சேர்ந்து செய்கிறாய், உன்னோடு இன்னொருவருக்கும் செய்து கொடுக்கிறாய். “அக்கா, ஹீட்டர் வாங்கறது ஓட்டை வாளியில தண்ணி பிடிக்கற மாதிரி. முதல்ல ஓட்டையைப் பாரு” என்றாள். அம்மா ஜனவரியிலேயே கேட்டது அதைத்தான்.

2023 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிளாக்கின் பொது அறையில் கூட்டம் போட்டேன். தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில் சொல்லியிருந்தேன். பத்தொன்பது பேர் வந்தார்கள். லேப்டாப்பில் படம் காட்டி ஒரு மணி நேரம் பேசினேன். வெப்பம் எப்படி நகர்கிறது, கண்ணாடி எவ்வளவு கடத்தும், செங்கல் எவ்வளவு கடத்தும் என்றெல்லாம் விளக்கினேன். காபி குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒரு மாமி மட்டும் நின்று, “எல்லாம் சரிம்மா, எங்க ஆத்துல எந்த ஜன்னல்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். பதினைந்து நாள் கழித்து விசாரித்தேன். ஒருவர் வீட்டிலும் ஒரு டேப்கூட ஒட்டப்படவில்லை.

மாமியின் கேள்விதான் சரியான கேள்வி. அடுத்த பட்டறையை என் வீட்டிலேயே வைத்தேன். எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எட்டுப் பேர்தான் ஒரு வீட்டுக்குள் நடமாட முடியும்.

அன்று செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது யார் வீட்டிலும் செய்யக்கூடியது. முதலில் அடுப்பை அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடினோம். கேஸ் கீசர், அதாவது வாயுவில் எரியும் வெந்நீர்க் கருவி, இருக்கும் வீடானால் அதையும் அணைத்தே ஆக வேண்டும். எல்லா ஜன்னல்களையும், வாசல் கதவையும் சாத்தி, சமையலறை, குளியலறை இரண்டிலும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டோம். ஃபேன் உள்காற்றை வெளியே தள்ளும்போது, வீடு அதற்கு ஈடாக எங்கெங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் வெளிக்காற்றை இழுக்கும். சாதாரண நாளில் மெல்லியதாகக் கசிவது, அப்போது நன்றாகவே ஊதும். வெளிநாட்டில் இதற்கென்று கதவில் பொருத்தும் பெரிய ஃபேன் வைத்திருக்கிறார்கள். நமக்கு எக்ஸாஸ்ட் போதும்.

பிறகு ஆளுக்கொரு ஊதுபத்தி. பால்கனிக் கதவின் கீழே கொண்டுபோனதும் புகை படுத்துக்கொண்டு அறைக்குள் ஓடியது. எதிர்வீட்டு அண்ணா, ரயில்வேயில் மின்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்கேல் வைத்து அளந்தார். கதவுக்கும் தரைக்கும் நடுவே 12 மில்லிமீட்டர். கதவு அகலம் 90 சென்டிமீட்டர். “அப்படின்னா 108 சதுர சென்டிமீட்டர். சுவர்ல 10க்கு 10 ஓட்டை போட்டு வெச்சிருந்தா சும்மா இருப்பீங்களா?” என்றார். கதவுக்கடியில் இருப்பதால் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் ஏசி குழாய் போகும் துளை. வெளியே கொஞ்சம் சிமெண்ட் பூசியிருந்தார்கள், உள்ளே வெறும் பிளாஸ்டிக் மூடி. படுக்கையறை ஸ்விட்ச் போர்டிலிருந்துகூடப் புகை பின்வாங்கியது. சுவருக்குள் ஓடும் பைப் வழியாக மொட்டை மாடிக் காற்று இறங்கி வருகிறது. ஆனால் எல்லாவற்றையும் மிஞ்சியது கூலர் ஜன்னல். தில்லிக்காரர்களுக்குத் தெரியும், கோடைக்காக ஒரு ஜன்னலின் கீழ்ப்பாதிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூலரை வெளியே ஸ்டாண்டில் நிறுத்தி, முகத்தை உள்ளே நுழைத்து வைத்திருப்போம். அக்டோபரில் ஸ்விட்சை அணைத்துவிட்டு அதை மறந்துவிடுவோம். உலர்ந்த வைக்கோல் பேட் மூன்று பக்கமும் ஓட்டையாய், வடமேற்குக் காற்றுக்கு நேராகத் திறந்து கிடக்கிறது. அம்மாவின் கட்டில் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஊதுபத்தி அங்கே அணைந்தே போனது.

அம்மா ஊதுபத்தி வாங்கிக்கொள்ளவில்லை. புறங்கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, நிலையை ஒட்டி மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்தினாள். “இங்கன. இந்தா இங்கன.” புகை காட்டாத இரண்டு இடங்களை அவள் கை காட்டியது. ஈரக்கையில் சிறு காற்றும் உறைக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கிறோம்.

அண்ணா போட்ட கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வந்தவர்களை வேலையில் இறக்கியது அதுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம். 1,200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர் காற்று. அதை 10 டிகிரி ஏற்றச் சுமார் 0.11 யூனிட் மின்சாரம் வேண்டும். இடுக்குகள் நிறைந்த அறையில் மணிக்கு மூன்று தடவை காற்று முழுசாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மணியும் 0.33 யூனிட் ஜன்னல் வழியே பறந்துபோகிறது. 800 வாட் ஹீட்டர் மணிக்குக் கொடுப்பதே 0.8 யூனிட்தான். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே போகிறது. மீதியைச் சுவரும் கூரையும் கண்ணாடியும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

எங்கே முதலில் அடைப்பது என்பதிலும் ஒரு வரிசை உண்டு. சூடான காற்று மேலே ஏறி ரோஷன்தான் (சுவரின் உச்சியில் இருக்கும் சிறு ஜன்னல்), லூவர் (சாய்வுப் பட்டைகள் வைத்த காற்றுத் திறப்பு), மேல் இடுக்கு வழியாகப் போகும்; அது போன இடத்தைக் கீழே கதவடியிலிருந்து குளிர்காற்று வந்து நிரப்பும். ஆகவே உச்சியையும் அடியையும் முதலில் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. ஜன்னலின் நடு இடுக்குகளுக்குப் பிறகு வரலாம்.

ஹார்டுவேர் கடையில் சதுர வெள்ளை ஃபோம் டேப்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். அது ஒரு மாதத்தில் நசுங்கி அப்பளமாகிவிடும். கேட்டு வாங்க வேண்டியது ரப்பர் டேப், வெட்டுமுகம் ஆங்கில ‘D’ எழுத்து மாதிரி நடுவே குழாயாக இருக்கும். அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்பும். ஒட்டுவதற்கு முன்னால் நிலையைத் துடைக்க வேண்டும், அதுவும் ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டு, பிறகு ஸ்பிரிட் தொட்ட பஞ்சால். என் வீட்டில் முதல் நாள் அவசரத்தில் ஒட்டியதெல்லாம் பத்து நாளில் பழைய பெயிண்ட் செதிலோடு தொங்கியது. சுண்ணாம்பு அடித்த பரப்பில் எந்த டேப்பும் நிற்காது, அங்கே சிலிகான் பசைதான். சிலிகானை வாசலைச் சாத்திக்கொண்டு பூசாதீர்கள், வாடை தலைவலியைக் கொண்டுவரும், பகல் வெயிலில் பூசி மாலைக்குள் உலர விடுங்கள். அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலில் ரப்பர் டேப் ஒட்டினால் ஜன்னல் நகராது. அதன் ஓரத்தில் ஏற்கெனவே பிரஷ் மாதிரி ஒரு மயிர்ப்பட்டை இருக்கும், வருஷமானால் கொட்டிவிடும். அலுமினிய வேலை செய்பவரைக் கூப்பிட்டால் அந்தப் பட்டையை மட்டும் மாற்றிக் கொடுப்பார். மாற்ற வேண்டுமா என்று அறிய நாளிதழ்த் துண்டு ஒன்றை நடுவே வைத்து ஜன்னலைச் சாத்தி இழுங்கள். தாள் கிழியாமல் வழுக்கி வந்தால், பட்டை போய்விட்டது.

கூலரைக் கழற்ற ஆள் கிடைக்கவில்லை என்றால் உட்பக்கம் பிளைவுட் ஒன்றை அளவாக வெட்டி, ஓரத்தில் ரப்பர் ஒட்டி, நான்கு கொண்டி வைத்துச் சாத்திவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

கதவடிக்கு அம்மா ஒன்று தைத்தாள். பழைய கைத்தறிச் சேலையின் முந்தானையைக் குழாயாக மடித்து இரண்டு ஓரமும் தையல் போட்டு, உள்ளே சலித்த மணலும் துணிக் கிழிசலும் கலந்து நிரப்பினாள். மணல் மட்டும் போட்டால் ஒரு பக்கம் சரிந்துவிடும், துணி மட்டும் போட்டால் காற்று தள்ளிவிடும் என்பது அவள் இரண்டாவது முறையில் கண்டுபிடித்தது. 95 சென்டிமீட்டர் நீளம், கதவைவிடக் கொஞ்சம் கூடுதல். பிள்ளைகள் அதற்குப் பாம்பு என்று பேர் வைத்துவிட்டார்கள். இதுவரை நாற்பதுக்கு மேல் தைத்திருக்கிறாள்.

அன்றைக்கு என் வீட்டுக்கு ஆன செலவு, பிளைவுட் உட்பட 1,140 ரூபாய். அடுத்த ஜனவரியில் 371 யூனிட். மானியம் கழித்து ஆயிரத்தைந்நூறுக்குள் அடங்கியது. ஒரு ஹீட்டர் கட்டிலடியில் கிடந்தது.

இவ்வளவு நன்றாக நடந்த பிறகுதான் அந்தத் தவறு நடந்தது. அதைச் சொல்லாமல் இந்த அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை.

எங்கள் பிளாக்கில் நாலு வீட்டில் வேலை செய்யும் அக்கா சின்னசேலம் பக்கத்துக்காரர். திரிலோக்புரியில் ஒரே அறை, தரைத்தளம், தகரக் கதவு. மகள், மருமகன், எட்டு மாதப் பேரக்குழந்தை எல்லாரும் அதற்குள். பட்டறையைப் பார்த்துவிட்டு, “எங்க வீட்டுக்கும் இத ஒட்டித் தாங்கம்மா, புள்ள ராவெல்லாம் இருமுது” என்று கேட்டார். 2024 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மாலை போனேன். கதவைச் சுற்றி ரப்பர் ஒட்டினேன். அடியில் பட்டை அடித்தேன். மேலே ரோஷன்தானில் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக அட்டையும் பிளாஸ்டிக்கும் வைத்து ஒட்டினேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அறை உடனே கதகதப்பானதை எல்லாரும் உணர்ந்தோம். சந்தோஷமாகத் திரும்பி வந்தேன்.

மறுநாள் காலை அக்கா வேலைக்கு வரவில்லை. பத்து மணிக்குப் போன் செய்தார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் குழந்தைக்குக் குளிருமே என்று அங்கீட்டியில், அதாவது கணப்பு அடுப்பில், கரி போட்டு உள்ளே எடுத்து வைத்திருக்கிறார்கள். தினமும் வைப்பதுதான். மூன்று மணிக்கு மகளுக்குத் தலை பிளக்கிற மாதிரி வலித்து விழிப்பு வந்திருக்கிறது. எழுந்து நின்றால் கால் மடங்குகிறது. வாந்தி. குழந்தையைத் தட்டினால் சரியாகக் கண் திறக்கவில்லை. அவள் கதவை உதைத்துத் திறந்து எல்லாரையும் சந்தில் இழுத்துப் போட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். நால்வரும் பிழைத்தார்கள்.

கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். புகை அடங்கிக் கரி சிவப்பாகக் கனிந்ததும், இனி ஆபத்து இல்லை என்று நினைத்து ஆட்கள் உள்ளே கொண்டுவருகிறார்கள். அப்போதும் அது வந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் தில்லிச் செய்தித்தாளில் இப்படிப் போன குடும்பங்களைப் பற்றி வருகிறது. நான் படித்திருக்கிறேன். அந்த அறையின் மூலையில் அங்கீட்டி இருந்ததையும் பார்த்திருக்கிறேன், ஒட்டும்போது அதை நகர்த்தி வைத்தவளே நான்தான். கேட்கவில்லை. இத்தனை நாள் அவர்களைக் காப்பாற்றி வந்தது அந்த உடைந்த கண்ணாடியும் கதவிடுக்கும்தான். அதை நான் அடைத்தேன்.

அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மகள் சொன்னாள்: “ஒட்டறதுக்கு முன்னாடி நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்போமேக்கா.”

அன்றிலிருந்து டேப்பைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் கேட்கும் கேள்விகள் இவை: இந்த வீட்டில் எது எரிகிறது? ராத்திரி எது எரிகிறது? குழந்தை அழுதால் என்ன செய்வீர்கள்? கேஸ் கீசர் உண்டா, அது எங்கே மாட்டியிருக்கிறது? இந்தக் கேள்விகளை வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டால் போதாது. ராத்திரி எழுந்திருப்பவர் யாரோ, அவரிடம் கேட்க வேண்டும். நெருப்பு எரிகிற அறையில் ரோஷன்தானைத் தொட மாட்டோம். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அந்த லூவரைத் தொட மாட்டோம். சமையலறைக் கதவின் அடி இடுக்கையும் விட்டுவிடுவோம். சிலிண்டரில் வரும் சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படுக்கும். அது வெளியேற அடியில் வழி வேண்டும்.

ஒரு வாரம் கழித்து அண்ணாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்த அறைக்குத் திரும்பப் போனேன். அடிப்பட்டையைப் பிடுங்கினோம். ரோஷன்தானில் உள்ளங்கை அகலம் திறந்து விட்டோம். மூடாமல் எப்படிச் சூட்டைக் காப்பது என்று அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து யோசித்ததில் வந்தவைதான் இன்று எங்களிடம் இருப்பவற்றில் உருப்படியானவை. தகரக் கதவுதான் பெரிய குளிர்; அதன் உட்பக்கம் பபுள் ரேப் இரண்டு அடுக்கு வைத்து மேலே மெல்லிய பிளைவுட் அடித்தோம். தெர்மோகோல் வேண்டாம் என்று அண்ணா சொல்லிவிட்டார், நெருப்புப் பொறி பட்டால் சட்டென்று பிடித்து விஷப்புகை கக்கும். தரையில் படுப்பவர்களுக்கு மேலே போர்த்துவது பாதிதான், கீழே தரைக்குப் போகும் சூட்டையும் தடுக்க வேண்டும். சாக்கு, அதன்மேல் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் பரப்பி, அதன்மேல் கோரைப்பாய், அதன்மேல் ஜமுக்காளம். அட்டையின் நெளிவுக்குள் காற்று தங்கியிருக்கிறது. அந்த அசையாத காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது.

அங்கீட்டிக்குப் பதிலாக ரப்பர் சுடுதண்ணீர்ப் பை இரண்டு. இரவுச் சமையல் முடிந்ததும் அதே அடுப்பில் இரண்டு லிட்டர் தண்ணீர் காய வைத்து, கொதிக்கவிடாமல் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி நிரப்பி, துணி உறை போட்டுப் படுக்கையில் அரைமணி நேரம் வைத்துவிட்டால் படுக்கை சூடாகிவிடும். குழந்தையைப் படுக்கவைக்கும்போது பையை எடுத்துவிட வேண்டும். ஹீட்டர் அவர்களுக்குக் கட்டாது. வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார், அரசு மானியம் அவர்கள் கைக்கு வருவதே இல்லை. தில்லியில் குளிருக்கு அதிகச் செலவு செய்கிறவர்கள் யார் என்று கேட்டால், மிகச் சிறிய அறையில் இருப்பவர்கள் என்றுதான் நான் சொல்வேன். இது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

அந்த அறையில் கற்றதை வைத்து அடுத்த மாதம் அக்காவே பக்கத்துச் சந்தில் ஒரு பட்டறை நடத்தினார். நான் டேப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் முதலில் கேட்டது, “உங்க வூட்ல அங்கீட்டி எங்க வெப்பீங்க?”

சித்தி மகள் சொன்ன மாதிரி ஜன்னலுக்கு மரச் சட்டம் செய்யும் வேலையை 2024 நவம்பரில் தொடங்கினோம். கீர்த்தி நகரில் ஓரங்குல பைன் பட்டி வாங்கினோம். பிளாஸ்டிக்குக்கு அலைந்தோம். கடைசியில் பரிசுக் கூடைகளைச் சுற்றுவார்களே, சூடு பட்டால் சுருங்கி விறைக்கும் தாள், அது சதர் பஜாரில் சுருளாகக் கிடைத்தது. ஜன்னல் திறப்பை மூன்று இடத்தில் அளக்க வேண்டும், மேலே, நடுவே, கீழே. நம் வீடுகளில் எந்த ஜன்னலும் சரிசதுரம் இல்லை. மிகச் சிறிய அளவிலிருந்து 6 மில்லிமீட்டர் கழித்துச் சட்டம் செய்து, சுற்றிலும் ஃபோம் ஒட்டினால் அழுத்திப் பொருத்தும்போது கச்சிதமாக நிற்கும். இரண்டு பக்கமும் இரட்டைப் பசை டேப்பால் தாளை ஒட்டி, ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஓரத்திலிருந்து நடுவாகக் காட்டினால், சுருக்கமெல்லாம் நீங்கித் தாள் மேளத்தோல் மாதிரி இழுத்துக்கொள்ளும். அந்தக் கணத்தைப் பார்க்கத்தான் பிள்ளைகள் வருகிறார்கள். ஒவ்வொரு சட்டத்திலும் இழுத்துக் கழற்ற ஒரு துணிக் கைப்பிடி கட்டாயம். அறைக்கு ஒரு ஜன்னலாவது உடனே திறக்க வர வேண்டும். ஹீட்டர் சட்டத்திலிருந்து நான்கடி தள்ளி இருக்க வேண்டும்.

தெற்கு ஜன்னலுக்குச் சட்டம் போட்டாலும் தாள் தெளிவாக இருப்பதால் வெயில் உள்ளே வரும். டிசம்பர் கடைசியில் தில்லியில் உச்சிப்பொழுதுகூடச் சூரியன் 38 டிகிரி உயரம்தான் ஏறுகிறது, அதனால் வெயில் அறையின் எதிர்ச்சுவர் பக்கம் வரை நீள்கிறது. பத்து மணிக்குத் திரையை முழுக்க விலக்கி, நாலரைக்கு இழுத்துவிடுங்கள். திரை தரையைத் தொட வேண்டும். பாதியில் நிற்கும் திரைக்குப் பின்னால் கண்ணாடியில் குளிர்ந்த காற்று வழிந்து தரையில் ஓடி உங்கள் காலுக்குத்தான் வரும்.

ஒரு சிக்கல் இரண்டாவது குளிர்காலத்தில்தான் தெரிந்தது. வடக்குச் சுவரை ஒட்டி நின்ற பீரோவுக்குப் பின்னால் கருப்புப் பூசணம். அம்மாவின் பட்டுப்புடவை ஒன்றில் வாடை ஏறிவிட்டது. இடுக்குகள் இருந்தபோது மூச்சு, சமையல், உலரும் துணி எல்லாவற்றின் ஈரமும் வெளியே போய்க்கொண்டிருந்தது. இப்போது குளிர்ந்த சுவரில் போய் வேர்த்து நிற்கிறது. பீரோவை நாலு விரல் தள்ளி வைத்தோம். துணியை வீட்டுக்குள் காயப் போடுவதை நிறுத்தினோம். மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிஷம் முழுக்கத் திறக்கிறோம். தில்லிக் காற்றின் மாசு காலையிலும் இரவிலும் தரையோடு தேங்கி நிற்கும், வெயில் ஏறிய பிறகு கொஞ்சம் மேலெழும்பிக் கலையும். திறப்பதானால் அதுதான் நேரம். ஹீட்டருக்கு ஒரு வார்த்தை: 2,000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பலகையில் வேண்டவே வேண்டாம்.

‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்று அம்மா சொல்வாள். சிவராத்திரிக்குப் பனி சிவசிவா என்று போய்விடும் என்பதும் அவள் கணக்கு, தில்லிக்கும் அது ஏறக்குறையப் பொருந்துகிறது. சிவராத்திரி முடிந்த ஞாயிறு சட்டங்களைக் கழற்றுகிறோம். தாள் கிழிந்தவற்றைத் தனியே வைத்து, மற்றவற்றைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிப் பரணில் நிறுத்துகிறோம். படுக்கவைத்தால் நடுவில் தாள் தொய்ந்துவிடும். ஒவ்வொன்றின் மேல் விளிம்பிலும் அம்மா மார்க்கரால் எழுதிவிடுவாள்: ‘அம்மா ரூம், வடக்கு, இது மேல்பக்கம்.’ போன மார்ச்சில் திரிலோக்புரி அக்காவின் பேரனும் பரணுக்குத் தூக்கிக் கொடுக்கிறேன் என்று சட்டத்தின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.